மாதிரி நீராவி என்ஜினில் புகைக்கருவி: பச்சைக் கம்பியில் இணைத்தால் போதுமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். யாரோ ஓட்டிப் பழகிய எச்ஓ அளவு (நிஜ என்ஜினில் 87-இல் ஒரு பங்கு) நீராவி என்ஜின் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். மேற்கூடு பிளாஸ்டிக், அடிச்சட்டம் உலோகம். உள்ளே டிசிசி டிகோடர், அதாவது தண்டவாளம் வழியாக வரும் டிஜிட்டல் கட்டளையைப் படித்து மோட்டாரையும் விளக்கையும் இயக்கும் சிறிய மின்பலகை, ஏற்கெனவே இருக்கிறது. அதிலிருந்து வரும் பச்சைக் கம்பி எதிலும் சேராமல் சும்மா கிடக்கிறது. மகனின் பிறந்தநாளுக்குள் ஒரு புகைக்கருவியை வாங்கி அந்தக் கம்பியில் இணைத்துவிட்டால் போதுமா, புகை எண்ணெய்க்குப் பதிலாக வீட்டில் இருக்கும் பேபி ஆயிலை ஊற்றலாமா என்று கேட்கிறீர்கள். கம்பியைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள் என்றாலும், ஆசையாக வாங்கிய என்ஜினைக் கெடுக்காமல் புகை வரவைக்க முடியுமா என்பதே உங்கள் கவலை என்று எனக்குப் படுகிறது. முடியும். ஆனால் கம்பி வேலை கடைசிப் பத்து நிமிடத்து வேலை. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை வேறு.

நான் இருபத்தெட்டு ஆண்டுகள் இங்கே சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் மின்பிரிவில் வேலை பார்த்தவன். மாதிரி ரயில் அதற்குப் பிறகு பிடித்துக்கொண்ட பைத்தியம். இதுவரை பதினொரு என்ஜின்களில் புகைக்கருவி வைத்திருக்கிறேன்; அவற்றில் இரண்டைக் கெடுத்திருக்கிறேன். கெடுத்த இரண்டிலிருந்துதான் அதிகம் கற்றேன். உங்கள் என்ஜினை நான் பார்க்கவில்லை. ஆகவே எல்லா என்ஜினுக்கும் பொருந்துவதை உறுதியாகவும், உங்கள் என்ஜினைத் திறந்தால்தான் தெரியும் என்பதை அப்படியேயும் சொல்லிவிடுகிறேன்.

புகைக்கருவியை முதலில் ஒரு ஹீட்டராக நினைத்துக்கொள்ளுங்கள். எச்ஓ என்ஜின்களில் பெரும்பாலும் பயன்படுவது ஜெர்மனியின் சொய்தே வகைக் கருவி. சட்டைப் பொத்தானைவிட ஒல்லியான உலோகக் குழாய். பூதக்கண்ணாடி வைத்து மேலிருந்து பார்த்தால், நடுவில் ஊசியின் காது அளவுக்கு இன்னொரு மெல்லிய குழாய் நிற்பது தெரியும். அதைச் சுற்றி மயிரிழை போன்ற நிக்ரோம் கம்பி, அதாவது மின்சாரம் பாய்ந்தால் சூடேறும் நிக்கல்-குரோமியக் கம்பி. வெளிக்குழாயில் ஊற்றிய எண்ணெய் அடிப்பக்கமாக மெல்லிய குழாய்க்குள் ஏறுகிறது. அங்கே சூடுபட்டுக் கொதிக்கிறது. குமிழி மேலே வந்து உடைகிறது. நல்ல நிலையில் இருக்கும் கருவியைக் காதருகே வைத்தால், கடுகு தாளிக்கும்போது கடைசியில் ஒன்றிரண்டு வெடிக்குமே, அந்த மாதிரி மெல்லிய சத்தம் கேட்கும். வெளியே வருவது எதுவும் எரிந்து உண்டான புகை கிடையாது. ஆவியான எண்ணெய் வெளிக்காற்றுப் பட்டுக் குளிர்ந்து, நுண்துளிகளாகி, மூடுபனியாகத் தெரிகிறது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரப்போகும் தொல்லைகள் பாதிக்கு மேல் இதிலிருந்துதான் கிளம்புகின்றன. அமெரிக்காவின் பொம்மை ரயில் நிறுவனமான லயனல் 1946-இல் முதன்முதலாகப் புகை விட்டபோது, விளக்கின் சூட்டில் அம்மோனியம் நைட்ரேட் மாத்திரையைப் போட்டுத்தான் விட்டது. மறு ஆண்டே அதைக் கைவிட்டுச் சூடேறும் கம்பிக்கு மாறியது. அன்று பிடித்த சூட்டுக்கம்பிதான் இன்றும் தொடர்கிறது.

இப்போது மின்சாரம். வோல்ட், மின்தடை முதலியவற்றை அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மின்னணுப் பொருள் கடைகள் இருக்கும் சிம் லிம் டவர் பக்கம் போய் ஒன்று வாங்கிவிடுங்கள். இந்த வேலைக்கு மலிவானதே போதும். கருவியின் இரண்டு கம்பிகளுக்கும் இடையே மின்தடையை அளந்து பாருங்கள். நிக்ரோமின் தடை சூட்டில் அதிகம் மாறாது. அதனால் குளிர்ந்த நிலையில் வரும் எண்ணையே கணக்குக்கு எடுத்துக்கொள்ளலாம். 120 ஓம் காட்டுகிறது, டிகோடர் 15 வோல்ட் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 15-ஐ 120-ஆல் வகுத்தால் 125 மில்லி ஆம்பியர். திறன் ஏறக்குறைய 1.9 வாட். கேட்பதற்குச் சின்ன எண்தான். ஆனால் கட்டைவிரல் நுழையாத பிளாஸ்டிக் கூட்டுக்குள் இரண்டு வாட் சூடு என்பது சின்ன விஷயம் ஆகாது. கருவி 60 ஓம்தான் காட்டுகிறது என்றால் மின்னோட்டம் 250 மில்லி ஆம்பியர் ஆகிவிடும். சிறிய டிகோடர்களின் பச்சைக் கம்பி பலவற்றில் நூறோ இருநூறோ மில்லி ஆம்பியர்தான் தாங்கும். சில 500 வரை தாங்கும். உங்களுடையது எந்த ரகம் என்பதை அந்த டிகோடரோடு வந்த தாளைத் தவிர வேறு எதுவும் சொல்லாது. தாள் இல்லையென்றால் டிகோடரின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரின் கையேட்டைத் தேடிப் பிடியுங்கள். குத்துமதிப்பு வேண்டாம். நான் குத்துமதிப்பாகச் செய்ததில்தான் முதல் டிகோடர் போனது; மீன் வறுத்த வாடை மாதிரி ஒரு நெடி, அவ்வளவுதான்.

தாங்கும் அளவைவிடக் கருவி அதிகம் கேட்கிறது என்றால் வழி இருக்கிறது. பச்சைக் கம்பியை நேராகக் கருவிக்குக் கொடுக்காமல் சுவிட்ச் போல வேலை செய்யும் ஒரு சிறிய ரிலேயையோ டிரான்சிஸ்டரையோ இயக்கவைத்து, கருவிக்கு வேண்டிய மின்சாரத்தைத் தண்டவாளத்திலிருந்து டயோடு பாலம் (மின்சாரத்தை ஒரே திசையில் பாயவைக்கும் நான்கு டயோடுகள்) வழியாகத் தனியே எடுக்கலாம். பின்னால் கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டர் வண்டி உள்ள என்ஜினாக இருந்தால் இதற்கு இடம் கிடைக்கும். அளவுக்கு உட்பட்டுத்தான் இருக்கிறது, ஆனால் சூடு கூடுதலாகத் தெரிகிறது என்றால், வரிசையில் ஒரு 22 ஓம் தடையைச் சேருங்கள். மேலே சொன்ன 120 ஓம் கருவியில் சூடு கிட்டத்தட்ட முப்பது சதவீதம் குறையும். அரை வாட் தடையாக வாங்குங்கள். பல டிகோடர்களில் அந்த வெளியீட்டின் வலுவை நிரல் மூலமே குறைக்கும் வசதியும் உண்டு.

இணைப்பு எளிது. டிசிசி நிறமுறையில் சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்திலிருந்து வருபவை. ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு. வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு. பச்சையும் ஊதாவும் கூடுதல் வேலைகளுக்கு. நீலம் இவை எல்லாவற்றுக்கும் பொதுவான நேர்மின் முனை. ஆக, கருவியின் ஒரு கால் நீலத்தில், மறுகால் பச்சையில். நீங்கள் பச்சையை மட்டும் சொல்லியிருந்தீர்கள்; நீலத்தையும் தேடுங்கள். மறுகாலை உலோகச் சட்டத்தில் தொட்டுவிட்டால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். கூடவே கூடாது. சட்டம் பல என்ஜின்களில் ஒரு தண்டவாளத்தோடு இணைந்திருக்கும். இதே காரணத்தால் கருவி வாங்கும்போதும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சில கருவிகளில் வெளிக்குழாயே ஒரு மின்முனை. அத்தகையது உலோகச் சட்டத்தை உரசினால் டிகோடருக்குப் பால் ஊற்றிவிட வேண்டியதுதான். இரண்டு கம்பிகள் வெளியே வந்து, குழாய் எதனோடும் சேராமல் இருக்கும் ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். பொருத்தி முடித்த பிறகு, என்ஜினைத் தண்டவாளத்தில் வைப்பதற்கு முன், குழாய்க்கும் சட்டத்துக்கும் இடையே மீட்டரை வையுங்கள். மின்தொடர்பு துளியும் காட்டக் கூடாது. இந்த ஒரு சோதனையை நான் பதினொரு தடவையும் செய்திருந்தால் கெட்டது ஒன்றாக நின்றிருக்கும்.

டிகோடர் இல்லாத பழைய முறையில் ஓட்டும் நண்பர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் ஒரு வார்த்தை. அங்கே கருவி மோட்டாரோடு இணையாக நிற்கும். வேகத்துக்கு ஏற்ற வோல்ட்தான் அதற்கும் கிடைக்கும். வோல்ட் பாதியானால் சூடு கால் பங்காகிவிடும். அதனால் வண்டி பறக்கும்போது புகை வரும், நிலையத்தில் நிற்கும்போது வராது. நிஜ என்ஜின் பாரம் இழுத்துக் கிளம்பும்போதுதான் மூச்சு வாங்கும் என்பதை நினைத்தால் சிரிப்பு வரும். டிசிசியில் இந்தக் குறை இல்லை, நின்றாலும் புகையும்.

இனிதான் முக்கியமான இடம். என் முதல் என்ஜினில் மின்சாரக் கணக்கெல்லாம் சரியாகவே போட்டேன். கருவியைப் புகைப்போக்கித் துளையில் இறுக்கமாகச் செருகினேன். ஐந்து நிமிடம் அருமையாகப் புகைத்தது. மனைவி, பிள்ளைகள் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். எட்டாவது நிமிடம் புகைப்போக்கி மெல்ல வலப்பக்கம் சாய்ந்தது. அணைத்துவிட்டுக் கூட்டைக் கழற்றினால், உள்ளே முன்விளக்குக்குப் போகும் கம்பியின் உறை உருகிப் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டிருந்தது. என்ஜின் கூடுகளுக்கு வழக்கமாகப் பயன்படும் பிளாஸ்டிக் 100 பாகை செல்சியஸ் பக்கத்தில் இளக ஆரம்பித்துவிடும். கருவியின் உள்ளேயோ எண்ணெய் கொதிக்கிறது. ஆகவே கருவி பிளாஸ்டிக்கை எங்குமே தொடக் கூடாது. சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். புகைப்போக்கித் துளைக்குள் முதலில் ஒரு பித்தளைக் குழாய்த் துண்டைப் பொருத்தி, அதன் உட்புறம் காப்டான் நாடாவை இரண்டு சுற்றுச் சுற்றி, அதற்குள் கருவியை நிறுத்துவது என் வழக்கம். பழுப்பு மஞ்சள் நிறத்தில் இருக்கும் அந்த நாடா 200 பாகைக்கு மேலும் தாங்கும். சாதாரண மின்நாடா கசிந்து பிசுபிசுக்கும். அதை அந்தப் பக்கமே கொண்டு போகாதீர்கள். அருகில் போகும் கம்பிகளுக்குச் சூடு தாங்கும் டெஃப்ளான் உறை போடுங்கள். கருவியோடு வந்த கம்பியைக் கழுத்தில் வெட்டி அங்கேயே சால்டர் செய்யாதீர்கள். மூன்று நான்கு சென்டிமீட்டர் தள்ளி இணைப்பை வையுங்கள்.

துளையிடும்போது கூட்டைச் சட்டத்திலிருந்து முழுவதும் பிரித்துவிடுங்கள். பெரும்பாலான என்ஜின்களில் பாய்லருக்குள் ஈயமோ துத்தநாகக் கலவையோ எடைக்கட்டியாக இருக்கும்; புகைப்போக்கிக்கு நேர் கீழே அதையும் குடைய வேண்டி வரும். அந்தத் தூள் பல்சக்கரத்தில் விழுந்தால் என்ஜின் கரகரவென்று பாடத் தொடங்கிவிடும். மின்துரப்பணம் வேண்டாம், கைத்துரப்பணத்தில் சின்னத் துளையாக ஆரம்பித்து அரை மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டராகப் பெரிதாக்குங்கள். கட்டியைக் குடைந்த அளவுக்கு இழுவைத்திறன் குறையும் என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். கருவியின் வாய் புகைப்போக்கியின் விளிம்போடு சமமாக நிற்கட்டும். உள்ளே தாழ்ந்து நின்றால் ஆவி புகைப்போக்கியின் சுவரில் பட்டுக் குளிர்ந்து, எண்ணெயாக உள்ளேயே ஒழுகும். துளை நேராக விழுந்ததா, எடைக்கட்டி எவ்வளவு பெரியது, உள்ளே ஒலிபெருக்கி எதுவும் இருக்கிறதா என்பதெல்லாம் உங்கள் என்ஜினைத் திறந்த பிறகுதான் தெரியும். திறந்து பார்த்தபின் இடமே இல்லை என்று தெரிந்தால் விட்டுவிடுங்கள். எல்லா என்ஜினுக்கும் புகை விதிக்கப்படவில்லை.

பேபி ஆயில் விஷயத்துக்கு வருகிறேன். அதுவும் கனிம எண்ணெய்தானே என்று நீங்கள் நினைப்பது நியாயம். புகைக்கென்று விற்கும் எண்ணெயும் அதே குடும்பம்தான், ஆனால் மிக நீர்த்தது. மெல்லிய குழாயில் சுலபமாக ஏறும், மிச்சமில்லாமல் ஆவியாகும். பேபி ஆயில் அதைவிடக் கெட்டி. ஆவியாகக் கூடுதல் சூடு கேட்கும். கூடவே வாசனைப் பொருள். எவரோ ஊற்றி நன்றாக ஓடியது என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பொய் என்று சொல்லமாட்டேன். நாள்பட்டால் அந்த ஊசிக்காதுத் துளை அடைபடும் என்பது என் கணிப்பு. பத்து இருபது வெள்ளி எண்ணெயை மிச்சம் பிடிக்கப்போய்க் கருவியை இழப்பது கணக்கில் உதைக்கிறது. சமையல் எண்ணெய் பற்றி மட்டும் உறுதியாகச் சொல்வேன்: வேண்டவே வேண்டாம். நண்பர் ஒருவர் தேங்காய் எண்ணெயை ஊற்றினார். சமையல் எண்ணெய் தொடர்ந்து சூடானால் இறுகிப் படலமாகும். தோசைக்கல் பழகுகிறது என்கிறோமே, அந்த வேலைதான் அந்தக் குழாய்க்குள்ளும் நடந்தது. தோசைக்கல்லுக்கு அது நல்லது.

ஊற்றும் அளவு அதைவிட முக்கியம். புகை வரவில்லை என்று என்னிடம் வந்த கருவிகளில் பாதிக்கு மேல் எண்ணெய் அதிகமாகித்தான் ஊமையாகியிருந்தன. மெல்லிய குழாயின் தலை எண்ணெயில் முழுகிவிட்டால் குமிழி உடைய வழியில்லை. மருந்துக்கடையில் கிடைக்கும் சிறிய ஊசிக்குழலால் பாதி அளவுக்குச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். அதிகமாகிவிட்டால் டிஷ்யூத் தாளைத் திரி மாதிரி முறுக்கி உள்ளே விட்டு உறிஞ்சி எடுங்கள். அதற்கு நேர் எதிராக, எண்ணெய் இல்லாமல் கருவியைச் சூடேற விடாதீர்கள்; கம்பி அறுந்துபோகும். புகை மெலிந்ததும் அணைக்கும் பொறுப்பை மகனிடமே கொடுத்துவிடலாம். ஊற்றும் வேலையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். கருவி சூடாக இருக்கும்போது ஊற்றினால் கொதிக்கும் துளி மேலே தெறிக்கும்.

மூடுபனி என்று சொன்னேன் அல்லவா? அது எங்கே போகிறது? உங்கள் தண்டவாளத்தின் மேலும், சக்கரத்தின் மேலும், சோபாவின் மேலும் இறங்குகிறது. ஒரு மாலை ஓட்டினால் மறுநாள் சக்கரம் வழுக்கும். என்ஜினுக்கு ரப்பர் வளையம் போட்ட சக்கரம் இருந்தால் எண்ணெயில் அது ஊறித் தளரும். ஓட்டி முடித்ததும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் தண்டவாளத்தையும் சக்கரத்தையும் துடைத்துவிடுங்கள். கருவி நன்றாக ஆறிய பிறகு, சன்னலைத் திறந்துவைத்து. குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு மூடிய அறையில் புகையை விடாதீர்கள். வீட்டில் ஆஸ்துமாக்காரர் யாராவது இருந்தால் அவர் இருக்கும்போது நான் ஓட்டுவதில்லை. மருத்துவக் காரணத்தைச் சொல்லும் தகுதி எனக்கில்லை, இது என் வீட்டு வழக்கம்.

புதிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் கூடத்தில் கூரையை நிமிர்ந்து பாருங்கள். 2018 ஜூன் 1 முதல் புதிய வீடுகளில் தீ எச்சரிக்கைக் கருவி கட்டாயம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒளியைக் கொண்டு புகையை உணரும் கருவிக்கு எண்ணெய் மூடுபனிக்கும் நிஜப் புகைக்கும் வித்தியாசம் தெரியாது. கேக் வெட்டும் நேரத்தில் அது அலறினால் கீழ்வீட்டுக்காரர்வரை வந்துவிடுவார். அதைக் கழற்றிவைக்கவோ பிளாஸ்டிக் பை கட்டவோ நினைக்காதீர்கள். தண்டவாளத்தை அதிலிருந்து தள்ளி, சன்னல் பக்கமாகப் போட்டு, ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் வம்பு வராது. முதல் நாளே ஒத்திகை பார்த்துவிடுங்கள்.

எவ்வளவு புகை வந்தால் நிஜம் போல இருக்கும் என்றும் போகிறபோக்கில் கேட்டிருந்தீர்கள். குறைவாக வந்தால்தான் என்பேன். நீராவி என்ஜினிலிருந்து வரும் வெண்மேகம் பெரும்பாலும் குளிர்ந்த நீராவி. குளிர்நாட்டில் அது நீண்டு மிதக்கும். நம் ஊர் வெக்கையில் சட்டென்று கரைந்துவிடும். தஞ்சோங் பகார் நிலையத்துக்கு ஒருகாலத்தில் வந்துபோன மலாயா ரயில்வேயின் பெரிய என்ஜின்கள், கிளாஸ்கோவின் நார்த் பிரிட்டிஷ் நிறுவனம் 1938 முதல் செய்து அனுப்பியவை, மூன்று உருளை (சிலிண்டர்) கொண்டவை. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் ஆறு முறை மூச்சு விடும். சாதாரண இரண்டு உருளை என்ஜின் நான்கு முறை. அந்த மூச்சுக்கு ஏற்பப் புகையைத் தள்ளும் விசிறி வைத்த கருவிகளும் இப்போது விற்கின்றன. அழகுதான். ஆனால் அவற்றுக்கு இடம் அதிகம் வேண்டும், அதற்கேற்ற டிகோடரும் வேண்டும், விலையும் பல மடங்கு. முதல் முயற்சிக்கு நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். அந்த நிலையத்திலிருந்து கடைசி ரயில் 2011 ஜூன் 30 இரவு புறப்பட்டபோது கூட்டத்தில் நானும் நின்றிருந்தேன். டீசல் வண்டிதான், புகை பெரிதாக ஒன்றுமில்லை. யாரும் குறை சொல்லவில்லை.

பிறந்தநாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அது போதும். இந்த வார இறுதியில் கூட்டைக் கழற்றுங்கள். புகைப்போக்கியின் உள்விட்டம், அதற்குக் கீழே இருக்கும் ஆழம், டிகோடரின் பச்சைக் கம்பி தாங்கும் மில்லி ஆம்பியர் ஆகிய மூன்றையும் குறித்து இங்கே எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு எந்தக் கருவியை வாங்கலாம் என்று சொல்கிறேன். அதுவரை கடைக்குப் போகாதீர்கள்.